ஒரே வரிசையில் இரண்டு அணிகள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில், அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் இரண்டு வரிசைகளை ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கம், குடியாத்தம் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு பக்கம். மதியச் சாப்பாடுகூடத் தனித்தனிதான். தையல் பிசகினால், பக்கத்து மெஷினில் இருப்பவர் கண்டும் சொல்வதில்லை. கடைசிச் சோதனையில்தான் ஜோடி திரும்பி வருகிறது.

புதிய குழு ஒன்றுகூடியபின் மோதி, பிறகு இணங்கும் என்று 1965இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் வகுத்த படிநிலைகளைப் படித்தேன். இங்கே மோதலே இல்லை, மௌனம்தான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாரும் நல்ல கைத்திறன் உள்ளவர்கள், ஒருவரையும் இழக்க மனமில்லை. இடம் மாற்றி உட்கார வைக்கலாமா, முதலில் தனித்தனியே பேசலாமா? இப்படிப்பட்ட பிரிவை நடத்தியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.