நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர்கள்ல நிக்கிற சிலைகள்: நேர்ல பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். வேல்ஸ்ல அபர்டில்லரியை ஒட்டி சிக்ஸ் பெல்ஸ்னு ஒரு ஊர், அங்க இருக்குற கார்டியன் சிலையைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன், இன்னும் மனசுலயே நிக்குது. பீடத்தோட சேர்த்து 20 மீட்டர் உயரம், சட்டையில்லாம ஒரு சுரங்கத் தொழிலாளி ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறார். 1960 ஜூன் 28 காலைல அந்தச் சுரங்கத்துல மீத்தேன் வெடிச்சு 45 பேர் போயிட்டாங்க, அன்னிக்கு அந்தப் பகுதில வேலை பார்த்ததே 48 பேர்தானாம். மேலருந்து விழுந்த கல்லு இரும்புல பட்டு பொறி தெறிச்சிருக்கணும்னுதான் விசாரணைல சொன்னாங்க. சுரங்கத்தை 1988ல மூடிட்டாங்க, இப்ப அங்க வெறும் புல்வெளி, அடியில ஒரு காலத்துல இத்தனை பேர் வேலை செஞ்சாங்கன்னு அடையாளமே கிடையாது, இந்தச் சிலையைத் தவிர.

தூரத்துலருந்து பார்த்தா நல்ல திடமான ஆளாத் தெரியுது, கிட்ட போகப் போகத்தான் ஆயிரக்கணக்கான இரும்புப் பட்டையை இடைவெளி விட்டு அடுக்கியிருக்காங்கன்னு புரியுது, பின்னாடி இருக்குற மலையும் வானமும் அவர் உடம்பு வழியாவே தெரியுது, எனக்கு அங்கதான் தொண்டை அடைச்சிருச்சு. செஞ்சவர் செபாஸ்டியன் பாய்சன், 50வது நினைவு நாள்ல, 2010ல திறந்தாங்க. பீடத்தைச் சுத்தி 45 பேரோட பேரும் இருக்கு, சுத்தி நடந்து எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் கிளம்பினேன்.

---

அக்கா, நான் பார்த்தது இங்கிலாந்துல செயின்ட் ஹெலன்ஸ்ல இருக்குற ட்ரீம்ங்கிற சிலை. எம்62 ரோட்டுல போறப்ப மரத்துக்கு மேல வெள்ளையா ஒரு தலை தெரியும், ரொம்ப நாளா என்னன்னே தெரியாம போயிட்டிருந்தேன். அதுவும் 20 மீட்டர்தான், கண்ணை மூடின ஒரு சின்னப் பொண்ணோட முகம். 1991ல மூடின சட்டன் மேனர் சுரங்கத்தோட இடம் அது. சிற்பி ஜௌமே பிளென்சா முதல்ல சுரங்க விளக்கு மாதிரி ஒண்ணுதான் செய்யலாம்னு சொல்லியிருக்கார், அங்க வேலை பார்த்த பழைய தொழிலாளிங்களே அது வேணாம், வரப்போற காலத்தைப் பார்க்கிற மாதிரி செய்யுங்கன்னு கேட்டு வாங்கியிருக்காங்க. கரி எடுத்த மண்ணுல அவ்வளவு வெள்ளையா ஒரு முகம், 2009ல வெச்சது. எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது, ஏன்னா முடிவு பண்ணினது அந்த ஊர்க்காரங்க.

---

தம்பி, அவங்க கேட்டு வாங்கினது ரொம்ப நல்ல விஷயம்தான், ஆனா விவரம் தெரியாம போறவங்களுக்கு அந்த முகத்தைப் பார்த்தா சுரங்கம் ஞாபகம் வருமா? இங்கிலாந்துல கேட்ஸ்ஹெட்ல இருக்குற ஏஞ்சல் ஆஃப் த நார்த் சிலையும் அப்படித்தான், 54 மீட்டர் இறக்கையை எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, சுரங்கத்துலருந்து மேல வந்த ஆளுங்க கரியைக் கழுவின குளியல் கட்டடம் இருந்த இடத்துலதான் அது நிக்குதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? பேர் எழுதி வைக்கணும். சிக்ஸ் பெல்ஸ் விஷயத்துல நான் அக்கா பக்கம்தான். கார் இல்லாம போக வழி இருக்கா அக்கா?

---

இருக்குங்க, கார்டிஃப்லருந்து எப் வேல் போற ரயில்ல ஏறி லன்ஹில்லெத்ல இறங்கிடுங்க, அங்கருந்து கொஞ்ச தூரம்தான். கிட்ட போறதுக்கு முன்னாடி தூரத்துலருந்து ஒரு தடவை நின்னு பார்த்துட்டுப் போங்க, அதை மட்டும் விட்றாதீங்க.