எட்டே முக்கால் நடை கயிறு

2008-இல் பிளஸ் டூ முடித்துவிட்டு நேவிக்கு எழுதிப் போட்டேன். அப்பாவுக்குக் குளச்சலில் வள்ளத் தொழில். ஆள் பிடிக்காமல் சர்க்கார் வேலை கிடைக்காது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சான்றிதழ் வாங்கக்கூட யாரையாவது கூட்டிப் போயே பழகிய கடப்புறம் எங்களுடையது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

முதலில் ஒரு கட்சிக்காரர். அப்பா மூன்று தடவை அலைந்து அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வந்தார். அப்புறம் நேவியில் மாஸ்டர் சீஃப் (மாலுமிகளுக்கான மேல் ரேங்க்) ஆக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போனார். கையில் ஐஸ் போட்டுக் கட்டிய ஒரு முழு நெய்மீன்.

"பிள்ளைய எப்படியாவது கேத்தி விடணும் சாறே."

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்தார். "இதை எங்கேயும் காட்டாதீங்க, அவனுக்குத்தான் கெடுதல்" என்றார். மீனையும் வாங்கவில்லை. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவர் எங்களை எழுந்து போக விடவில்லை. எழுத்துத் தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும், 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், 20 தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், 10 தண்டால் எடுக்க வேண்டும், காதும் பல்லும்கூடப் பார்ப்பார்கள் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் அப்பா என்னை எழுப்பினார். மீட்டர் கணக்கு அவருக்குப் பழக்கமில்லை, பாகக் கணக்குதான்; ஒரு பாகம் ஆறு அடி. 1600 மீட்டர் எத்தனை பாகம் என்று என்னையே கணக்குப் போடச் சொன்னார். 875 வந்தது. நூறு பாகம் வலைக்கயிற்றைப் பிடித்து, குளச்சல் வெற்றித் தூணிலிருந்து எட்டே முக்கால் நடை அளந்து, முடிந்த இடத்தில் ஒரு கல்லைப் போட்டார். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவாக நிற்கும் தூண் அது. சின்ன வயதில் அதைச் சுற்றித்தான் விளையாடுவோம். தொழிலுக்குப் போகாத நாளெல்லாம் அப்பா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வாட்சோடு நின்றார். முதல் நாள் எனக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆனது.

தேர்வானேன். ஒடிசாவில் சில்காவில் 22 வாரப் பயிற்சி, அப்புறம் கப்பல்.

பதவி உயர்வில் லீடிங் ரேங்க் கிடைத்து லீவில் வந்தபோது அப்பா மறுபடியும் நெய்மீனோடு நாகர்கோவிலுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை மாஸ்டர் சீஃப் வாங்கிக்கொண்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து, துண்டு துண்டாக அறுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்தபடியே கேட்டார்: "அடுத்த ரேங்குக்கு இவன் என்ன படிக்கணும் சாறே?"