டொங்காட் பக்கம் சனி ஞாயிறு குடும்பத்தோட எங்க போறது, எங்க சாப்பிடறது?

கரும்புக்காட்டு_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கால டர்பனுக்கு வடக்கால டொங்காட்ல வீடு எடுத்து குடும்பத்தோட வந்துட்டோம், வேலை கிங் ஷாக்கா ஏர்போர்ட்டை ஒட்டி டூபே டிரேட்போர்ட்ங்கற தொழில் வளாகத்துல. வாரநாள்ல ஒரு குறையும் இல்ல, வீட்டுக்குப் பின்னாடியே கரும்புக்காடு, அமைதியான இடம். ஆனா சனி ஞாயிறு வந்தா உம்லாங்கா போயி கேட்வே மால்ல சுத்திட்டு அங்கயே எதையாவது சாப்பிட்டுட்டு திரும்பி வர்றோம், இதே தான் ஒவ்வொரு வாரமும். மால் வேணாம்னு பசங்களே சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. பெரியவனுக்கு 8 வயசு, சின்னவளுக்கு 4. வீட்டம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, நானும் பசங்களும் எல்லாம் சாப்பிடுவோம். ஜூலைல மாமியார் திருநெல்வேலில இருந்து வர்றாங்க, முட்டி வலி இருக்கு, ரொம்ப நடக்க வைக்க முடியாது, கோயில்னா எவ்ளோ தூரம்னாலும் வருவாங்க. டொங்காட்ல இருந்து அரைமணி முக்கால்மணி நேரத்துக்குள்ள, நம்ம பக்கமாவே, என்ன இருக்கு? ரொட்டியைத் தோண்டி குழம்பு ஊத்தித் தர்றதை பன்னி சௌ பன்னி சௌங்கறாங்களே, அதுல சைவம் உண்டா? பசங்களை கடல்ல இறக்கலாமா? இங்க ரொம்ப நாளா இருக்கறவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

பாலிட்டோ_அக்கா:
தம்பி, நீங்க தெக்கால உம்லாங்கா பக்கமே போயிட்டு இருக்கீங்க, ஒரு தடவை வடக்க திரும்புங்க. உங்க வீட்டுல இருந்து பாலிட்டோங்கற கடற்கரை ஊர் பக்கம் தான். என்2 ஹைவே எடுத்தா டொங்காட் டோல் வரும், அவசரம் இல்லன்னா பழைய ரோடு ஆர்102 இருக்கு, டோல் கிடையாது. இப்ப கரும்பு வெட்டு நடக்குற சீசன், ஏப்ரல்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் போகும், கரும்பு லாரி முன்னாடி மாட்டிக்கிச்சுன்னா ஓவர்டேக் பண்ணவே பண்ணாதீங்க, மெதுவா பின்னாடியே போங்க, அந்த ரோட்ல வளைவு ஜாஸ்தி.

பசங்களுக்கு கடல்னா நான் சொல்றது டைடல் பூல் மட்டும் தான். சால்ட் ராக்ல ஒண்ணு இருக்கு, பாலிட்டோ தாம்சன்ஸ் பேல ஒண்ணு இருக்கு. பாறைக்கு நடுவுல சிமெண்ட் சுவர் கட்டி வச்சிருப்பாங்க, கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி உள்ள வந்து தண்ணியை மாத்திட்டுப் போகும், கடல் இறங்கினப்புறம் குளம் மாதிரி அமைதியா நிக்கும், சின்ன சின்ன மீனு காலைச் சுத்தும், நண்டு ஓடும், பசங்க மணிக்கணக்கா உக்காந்துருவாங்க. அதனால லோ டைட் எத்தனை மணிக்குன்னு போன்ல பாத்துட்டுக் கிளம்புங்க, இது ரொம்ப முக்கியம், ஹை டைட் நேரத்துல சுவர் மேல ஒரு ஆளும் நிக்கக்கூடாது, அலை இழுத்துரும். திறந்த கடல்ல இறங்கணும்னா லைஃப்கார்டு ட்யூட்டில இருக்கற பீச்சுல, கொடி நட்டிருக்கற ரெண்டுக்கும் நடுவுல மட்டும் தான். சுறா வலை போட்டிருக்கு நமக்கென்னன்னு நினைக்காதீங்க, நம்ம ஊர்க் கடலை விட இங்க இழுப்பு வேகம். பெரிய மழை பெய்ஞ்ச அடுத்த ரெண்டு மூணு நாள் ஆத்து வாய் பக்கம் போகவே வேணாம், தண்ணி அழுக்கா இருக்கும்.

மாமியாருக்கு பாலிட்டோ பீச் ஓரமா நடைபாதை போட்டிருக்காங்க, அங்கங்க பெஞ்ச் இருக்கு, உக்காந்துக்கலாம். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஹம்ப்பேக் திமிங்கிலம் இந்தக் கரையோரமா போகும், வெயில் நல்லா இருக்கற காலைல பெஞ்ச்ல உக்காந்தே தண்ணி பீச்சி அடிக்கறதைப் பாக்கலாம். ஒரு பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.

சாப்பாட்டுக்கு ஒண்ணே ஒண்ணு. இந்த ஏரியால ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடுன்னு பிளான் பண்ணாதீங்க, மத்தியானத்தோட நிறைய கிச்சன் மூடிருவாங்க. காலைல கிளம்பு, மத்தியானம் சாப்பிடு, இருட்டறதுக்கு முன்னாடி வீடு. ஜூலைல அஞ்சு, அஞ்சேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிரும்.

சைக்கிள்_மாமா:
பசங்க வயசுக்கு சுகர் ரஷ் பார்க் போங்க, பாலிட்டோல இருந்து உள்ள எசெனெம்பி ரோட்ல கரும்புக்காட்டுக்கு நடுவுல இருக்கு. பிள்ளைங்க விளையாட இடம், ஆடு கோழின்னு தொட்டுப் பாக்க பண்ணை, பக்கத்துலயே சாப்பிட இடம், எல்லாம் ஒரே வளாகத்துல. அங்க இருந்து தான் ஹொல்லா டிரெயில்ஸ் சைக்கிள் பாதை கிளம்புது, கரும்புக்கு நடுவால செம்மண் தடம், கொஞ்சம் மேல ஏறினா கடல் தெரியும். பெரியவனுக்கு ஒரு சைக்கிள் இருந்தா ஈசியான தடத்துல கூட்டிட்டுப் போகலாம். காலைல சீக்கிரம் போங்க. தடத்தை விட்டு கரும்புக்குள்ள மட்டும் இறங்க விடாதீங்க, மாம்பா பாம்பு இருக்கற இடம்.

பன்னி சௌ பத்தி டீச்சரம்மா சொல்வாங்க, நான் வாயை மூடிக்கிறேன்.

வெருலம்_டீச்சரம்மா:
வணக்கம் தம்பி. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் சாயங்காலப் பள்ளியில் படித்தது, பிறகு அதே பள்ளியில் சொல்லிக்கொடுத்தது. எழுத்து கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரம்மா சாப்பாடு. பன்னி சௌ என்றால் எல்லோரும் மட்டன் என்று நினைக்கிறார்கள், ஆனால் எங்களுக்கு பீன்ஸ் பன்னி தான் பழைய சாப்பாடு. சுகர் பீன்ஸ் என்று புள்ளி போட்ட பெரிய பயறு, ராஜ்மா ஜாதி, அதை வெங்காயம், தக்காளி, மசாலா போட்டு கெட்டியாக வேகவைத்து, வெள்ளை ரொட்டியைக் கால்வாசி வெட்டி நடுவைத் தோண்டி அதில் ஊற்றிக் கொடுப்பார்கள். தோண்டிய ரொட்டியை மேலே மூடி மாதிரி வைத்துத் தருவார்கள். முதலில் அந்த மூடியைப் பிய்த்துத் தொட்டு உள்ளே இருக்கிற குழம்பைக் குறைக்க வேண்டும், அப்புறம் சுவரை மேலிருந்து கீழே கிள்ளிக் கிள்ளி வர வேண்டும். நடுவில் கிள்ளினால் எல்லாம் மடியில் வந்துவிடும். ஸ்பூன் கேட்காதீர்கள். கூட காரட், வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கி வினிகர் போட்ட சாலட் தருவார்கள், அது இல்லாமல் சாப்பிட்டால் பாதி ருசி தான். ஒரு ஆளுக்கு குவார்ட்டர், அதாவது கால் ரொட்டி, போதும், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கே ஒரு குவார்ட்டர் ஆகும். சுத்த சைவம் என்பதால் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், பீன்ஸில் எலும்பு போட்டு வேகவைக்கிற கடையும் உண்டு, கரண்டி ஒன்றையே எல்லாப் பானையிலும் போடுகிற கடையும் உண்டு. தனிப் பானை, தனிக் கரண்டி என்று வாய்விட்டுக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், புரட்டாசி மாதம் முழுக்க இங்கே எத்தனையோ வீடுகளில் மாமிசம் சாப்பிடுவதில்லை, கடைக்காரர்களுக்கு இது பழக்கம் தான்.

பன்னியை விட உங்கள் வீட்டம்மாவுக்குப் பிடிக்கப் போவது பத்தா. மாடும்பி இலையில், அதாவது சேப்பங்கிழங்கு இலையில், கடலை மாவும் புளியும் மசாலாவும் தடவி, இலை மேல் இலை வைத்துச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வட்ட வட்டமாக நறுக்கி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். பூரியோடு வைத்துக் கொடுப்பார்கள். கோயில் வாசலில், பள்ளிக்கூட ஃபண்ட்ரெய்சிங் நாளில் பாட்டிமார் செய்து விற்பது தான் நல்ல பத்தா.

மாமியாருக்குக் கோயில் என்றீர்கள். உங்கள் ஊரிலேயே ஜகந்நாத் பூரி கோயில் இருக்கிறது, 1901இல் கட்டியது, ஒடிசா பூரிக் கோயில் சாயலில் உயரமான கோபுரம், நம்ம தெற்கத்திக் கோபுரம் மாதிரி இருக்காது, ஆனால் அவசியம் பார்க்க வேண்டியது. டொங்காட்டிலேயே பிரேக் வில்லேஜ் என்ற பகுதியில் வீரபோக எம்பெருமாள் கோயில் இருக்கிறது, அங்கே தமிழ் காதில் விழும். அரைமணி தெற்கே மவுண்ட் எட்ஜ்கூம்பில் 1898ஆம் வருஷத்து கணேசர் கோயில். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் காலத்தில், அந்தத் தோட்டத்து மண்ணிலேயே எழுந்த கோயில் அது. 1860இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ வந்து சேர்ந்தது, நவம்பர் 16ஆம் தேதி. என் பாட்டன் வழியும் அப்படித் தோட்டத்துக்கு வந்தது தான். எங்கள் ஆட்கள் அந்தக் கஷ்டத்திலும் முதலில் கோயில் கட்டினார்கள், அப்புறம் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஷாப்பிங் மாலைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் போவது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், அதனால் தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜூலை நடுவில் ஆடி பிறக்கும். அந்த மாதம் சனி ஞாயிறு எங்கே போவது என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், இங்கே போரிஜ் பிரேயர் என்று சொல்வோம், ஞாயிற்றுக்கிழமை கோயில் கோயிலாக நடக்கும். மாமியாரை அங்கே அழைத்துப் போங்கள்.

மிட்ராண்ட்_டு_டர்பன்:
நான் வேற மாதிரி ஒண்ணு சொல்றேன், கோயில், கடல் ரெண்டும் நல்லது தான், ஆனா 8 வயசுப் பையன் இருக்கான்ல, அவனுக்கு இந்த நாட்டோட கதையும் தெரியணும். க்ரூட்வில்ல லுத்துலி மியூசியம் இருக்கு, உங்களுக்கு வடக்க, ஆர்102 வழியாவே போயிரலாம். ஆல்பர்ட் லுத்துலி, இனவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடின தலைவர், 1960க்கான நோபல் அமைதிப் பரிசு வாங்கினவர், ஆப்பிரிக்காவுல முதல் ஆள். அவர் வாழ்ந்த வீட்டையே மியூசியமா வச்சிருக்காங்க, சின்ன வீடு, தோட்டம், மாமியாரும் சிரமமில்லாம பாக்கலாம். அங்க இருந்து இன்னும் கொஞ்சம் போனா க்வாடுகுசா டவுன், பழைய பேரு ஸ்டாங்கர், 1828ல ஜுலு ராஜா ஷாக்காவைக் கொன்ன இடம், நினைவுச்சின்னம் இருக்கு. போறதுக்கு முன்னாடி திறந்திருக்கற நேரத்தைப் போன்ல கேட்டுக்கங்க.

தெக்க இனாண்டால காந்தி 1904ல ஆரம்பிச்ச ஃபீனிக்ஸ் செட்டில்மெண்ட்ங்கற குடியிருப்பு இருக்கு. அவரோட இந்தியன் ஒப்பீனியன் பேப்பர் அங்க தான் அச்சாச்சு, தமிழ்லயும் பக்கங்கள் வந்திருக்கு. 1985 கலவரத்துல எரிச்சு இடிச்சாங்க, அப்புறம் அவர் வீட்டைத் திரும்பக் கட்டி 2000ல திறந்தாங்க. பக்கத்துலயே கறுப்பின மக்கள் தலைவர் ஜான் டூபே ஆரம்பிச்ச ஓலாங்கே பள்ளிக்கூடம், 1994ல மண்டேலா வாழ்க்கைல முதல் ஓட்டு போட்டது அங்க தான். நீங்க வேலை பாக்கற டிரேட்போர்ட் பேரும் அந்த டூபே பேரு தான். ஆனா இனாண்டாவுக்கு தனியா ஜிபிஎஸ் போட்டுட்டு கிளம்பிராதீங்க, வழி தெரிஞ்ச கைடோட, பகல்ல, குரூப்பா போங்க.

பாலிட்டோ_அக்கா:
மிட்ராண்ட் தம்பி சொன்னது சரி. பாதுகாப்பு விஷயம் நானும் சேத்துக்கறேன். கார் லாக் பண்ணினதும் ஒரு தடவை கதவைக் கையால இழுத்துப் பாருங்க, ரிமோட் சிக்னலை ஜாம் பண்ணி கதவைத் திறந்து எடுக்கறது இங்க சகஜம். பையை சீட்ல விடாதீங்க. பார்க்கிங்ல மஞ்ச ஜாக்கெட் போட்டு கார் பாத்துக்கறவருக்கு குடுக்க சில்லறை வச்சுக்கங்க, அவருக்கு அது தான் வருமானம்.

கரும்புக்காட்டு_வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கல. டீச்சரம்மா, உங்க பதிலை வீட்டுல வாசிச்சுக் காட்டினேன், பத்தா எப்ப வாங்கித் தர்றீங்கன்னு உடனே கேள்வி. இந்த சனிக்கிழமை லோ டைட் பாத்துட்டு சால்ட் ராக் போறோம். இன்னும் ரெண்டு சந்தேகம். பிக்னிக் மாதிரி வீட்டுச் சாப்பாடு கட்டிட்டுப் போயி உக்கார இடம் இருக்கா? கூழ் ஊத்தற இடத்துக்கு நாங்க பாட்டுக்கு போகலாமா, இல்ல யாராவது கூப்பிடணுமா? அங்க யாரையும் தெரியாது.

சைக்கிள்_மாமா:
பிக்னிக்னா ஹேஸல்மியர் டேம். வெருலம் தாண்டி, உம்ட்லோட்டி ஆத்து மேல. கேட்ல டிக்கெட் இருக்கு, உள்ள மரத்தடி, புல்லு, கறி சுடற பிராய் அடுப்பு எல்லாம் உண்டு, கரியும் விறகும் நாம எடுத்துட்டுப் போறது நல்லது. பக்கத்து மேஜைல கறி சுடுவாங்க, வீட்டம்மாவுக்கு அந்த வாசனை ஒத்துக்காதுன்னா கொஞ்சம் தள்ளி தண்ணியோரமா துண்டு விரிச்சுக்கங்க. குரங்கு வரும். டப்பாவைத் திறந்து வச்சுட்டுத் திரும்பக்கூடாது, கைல இருந்து சாப்பாடு குடுத்துப் பழக்கவும் கூடாது. லாங் வீக்எண்டுக்கு போகாதீங்க, பாட்டு சத்தத்துல பேச முடியாது, சாதாரண ஞாயித்துக்கிழமை காலைல போனா நீங்களும் கொக்கும் மட்டும் தான் இருப்பீங்க.

வெருலம்_டீச்சரம்மா:
தம்பி, கூழுக்கு அழைப்பு எதுவும் வேண்டாம். அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் உண்டு, ஜுலு அக்காமாரும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து வாங்கிக் குடிப்பார்கள். காலை ஏழு, எட்டு மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் பாதி முடிந்துவிடும். கையில் ஒரு மூடி போட்ட பாத்திரம், கொஞ்சம் மஞ்சள், வேப்பிலை, தேங்காய், பழம். ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே சில கோயில்களில் ஆடி மாதம் கோழி, ஆடு பலி கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது, உங்கள் வீட்டம்மாவுக்கும் சின்னவளுக்கும் அது வேண்டாம் என்றால் போவதற்கு முன் கோயில் கமிட்டியிடம் கேளுங்கள், பலி இல்லாத கோயில்களும் நிறைய. கூழ் முடிந்ததும் சோறு, பருப்பு, பூசணிக்காய், பீன்ஸ் போடுகிற கோயிலும் இருக்கிறது, அதனால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு இடம் தேடாதீர்கள். பத்தாவும் அங்கேயே மேஜை போட்டு விற்பார்கள், பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், முதலில் அதை வாங்கிக் காரில் வைத்துவிட்டு அப்புறம் வரிசையில் நில்லுங்கள். மாமியாருக்கு முட்டி வலி என்றால் பந்தலில் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள், யாரும் கேட்காமலே எழுந்து இடம் கொடுப்பார்கள், அவர்களை அங்கே உட்கார வைத்துவிடுங்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் பாட்டிமார் ஊர்க் கதை கேட்டு விடமாட்டார்கள்.