பெண்கள் எஃப்ஏ கோப்பையின் முதல் சாம்பியன் யார்? 1918, 1922, 1971: எதை எடுப்பது?

மூலைக்கொடி கேட்டது:

இங்கிலாந்தின் பெண்கள் எஃப்ஏ கோப்பை சாம்பியன்களைத் தமிழில் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே முட்டுகிறது. ஓரிடத்தில் 1971 சவுதாம்ப்டன், இன்னோரிடத்தில் 1922 ஸ்டோக், மூன்றாவதில் 1918 பிளைத் ஸ்பார்ட்டன்ஸ். மூன்றையுமே 'முதல் பெண்கள் கோப்பை' என்கிறார்கள். எதை வைப்பது? 1971 ஃபைனலில் ஸ்காட்லாந்து அணி எப்படி வந்தது? எஃப்ஏ (இங்கிலாந்துக் கால்பந்து சங்கம்) பொறுப்பேற்றது 1993ல்தான் என்றால் அதற்கு முந்தைய பட்டங்கள் கணக்கில் வருமா?

---

பழைய_ஸ்கோர்போர்டு:

மூன்றும் வெவ்வேறு போட்டிகள். ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று அல்ல. உங்கள் பட்டியல் 1971ல்தான் தொடங்க வேண்டும்.

1969 நவம்பரில் பெண்கள் கால்பந்து சங்கம் (டபிள்யூஎஃப்ஏ) 44 கிளப்புகளோடு உருவானது. முதல் செயலாளர் ஆர்தர் ஹாப்ஸ், கென்ட் கடலோர ஊரான டீலில் பெண்களுக்கான டோர்னமென்ட் நடத்திக்கொண்டிருந்தவர். அந்தச் சங்கம் 1970-71 சீசனில் தொடங்கியதுதான் இந்தக் கோப்பை. பந்து தயாரிக்கும் மைட்டர் நிறுவனத்தின் ஆதரவில் நடந்ததால் அன்றைய பெயர் மைட்டர் டிராஃபி. 'எஃப்ஏ கோப்பை' என்று தேடினால் பழைய செய்திகள் சிக்காததற்கு இதுவே காரணம்.

71 அணிகள் பதிவு செய்தன. ஃபைனல் 1971 மே 9, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தேசிய விளையாட்டு மையத்தில். சவுதாம்ப்டன் 4, ஸ்டூவர்ட்டன் திசில் 1. பாட் டேவிஸ் ஹாட்ரிக், இன்னொரு கோல் டாட் கேசல்.

ஸ்காட்லாந்து விஷயம்: பதிவு இங்கிலாந்துக்கு மட்டும் என்று இருக்கவில்லை, வேல்ஸ் அணிகளும் இருந்தன. ஸ்டூவர்ட்டன் அயர்ஷயர் பகுதி ஊர். அதோடு நிற்கவில்லை, 1972ல் லீஸ் லேடீஸ் (சவுதாம்ப்டன் 3-2), 1973ல் வெஸ்ட்தார்ன் யுனைடெட் (2-0) என முதல் மூன்று ஃபைனலிலும் தோற்றது ஸ்காட்லாந்து அணிகளே. சொந்த நாட்டில் அவர்களுக்கு அங்கீகாரமே கிடையாது. பெண்கள் கால்பந்தை உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்று 1971ல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவில் வாக்கெடுப்பு வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே சங்கம் ஸ்காட்லாந்து. 1974ல்தான் இறங்கி வந்தார்கள்.

1993 கேள்விக்கு: சேர்க்கத்தான் வேண்டும். அர்செனல் 14 முறை என்கிறார்களே, அதில் முதலாவது 1993ல் டான்காஸ்டர் பெல்ஸை 3-0 என வென்றது. அது டபிள்யூஎஃப்ஏ நடத்திய கடைசிக் கோப்பை. 1993-94ல் இருந்து எஃப்ஏ கையில். பழையதை வெட்டினால் அர்செனல் 13 ஆகிவிடும், சவுதாம்ப்டனின் 8 மொத்தமாகக் காணாமல் போகும்.

---

வலது_விங்:

1918, 1922 பற்றி ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கள், ஏனென்றால் அவை வெறும் முன்கதை அல்ல.

1917-18ல் நடந்தது முழுக்க ஆலை அணிகளின் போட்டி. டைன், வியர், டீஸ் ஆற்றுப் பகுதிகளில் போருக்கான குண்டு, தளவாடம் தயாரிக்கும் இடங்களில் வேலை பார்த்த பெண்கள் ஆடியது. ஃபைனலில் பிளைத் ஸ்பார்ட்டன்ஸும் மிடில்ஸ்பரோவின் போல்க்கோ வாகன் ஆலையும். 1918 மார்ச் 30 நியூகாசில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் 0-0, ரீப்ளே மே 18 மிடில்ஸ்பரோ ஏர்ஸம் பார்க்கில், பிளைத்துக்கு 5-0 வெற்றி. பிளைத்தின் பெல்லா ரே அதில் ஹாட்ரிக். பல பட்டியல்களில் இரண்டு தேதியும் இரண்டு மைதானமும் கலந்துகிடக்கும். ஸ்கோர் 5-0 என்றால் அது மே, மிடில்ஸ்பரோ. அடுத்த சீசனில் ஜாரோவின் பாமர்ஸ் கப்பல்கட்டும் தள அணி வென்றது. அதோடு முடிந்தது. போர் முடிந்து தளவாட வேலை நின்றதும் அணிகளுக்கு ஆளே இல்லை.

1922 கதை வேறு. 1920 டிசம்பரில் லிவர்பூல் குடிசன் பார்க்கில், பிரஸ்டன் ஆலைப் பெண்களின் அணியான டிக் கெர் லேடீஸ் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்திருந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று எஃப்ஏ, தன்னோடு இணைந்த கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று தீர்மானம் போட்டது. காரணமாகச் சொன்னது: ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது, வசூல் பணத்தின் கணக்கும் சரியில்லை. ஐந்தே நாளில், டிசம்பர் 10ல், பிளாக்பர்னில் கூடி இங்கிலிஷ் லேடீஸ் கால்பந்து சங்கம் என்று பெண்கள் அணிகள் தனியாக ஒன்றைத் தொடங்கின. அவர்கள் நடத்திய கோப்பையில் 23 அணிகள். 1922 ஜூன் 24, கோபிரிட்ஜில் ஃபைனல்: ஸ்டோக் லேடீஸ் 3, டான்காஸ்டர் அண்ட் பென்ட்லி லேடீஸ் 1. வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தவர் சங்கத் தலைவர் லென் பிரிஜெட்.

அன்று கூட்டத்தை இழுத்த டிக் கெர் அணி இந்தக் கோப்பையில் ஆடவில்லை. அதனால் ஸ்டோக்கை 'அன்றைய இங்கிலாந்தின் சிறந்த அணி' என்று எழுதுவது என் பார்வையில் மிகை. சங்கம் நீடிக்காததில் வியப்பில்லை. பெரிய மைதானம் இல்லையென்றால் டிக்கெட் வசூல் இல்லை, வசூல் இல்லாமல் எந்தப் போட்டி ஓடும்?

---

ஆஃப்சைடு_கோடு:

மேலே சொன்னதோடு, பட்டியல் போடும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

1922ன் டான்காஸ்டர் அண்ட் பென்ட்லிக்கும், 1983ல் செயின்ட் ஹெலன்ஸை 3-2 என வென்று முதல் கோப்பை வாங்கிய டான்காஸ்டர் பெல்ஸுக்கும் சம்பந்தமில்லை. பெல்ஸ் 1969ல் பெல் வியூ மைதானத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற பெண்கள் தொடங்கியது.

சவுதாம்ப்டனும் அப்படியே. எட்டு முறை வென்றது ஆண்கள் தொழில்முறை கிளப்பின் பெண்கள் பிரிவு அல்ல, தனிக் கிளப். அந்த ஆண்கள் கிளப்பின் (பட்டப்பெயர் செயின்ட்ஸ்) இன்றைய பெண்கள் அணியின் லோகோவை அந்த எட்டுப் பட்டங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள்.

1921ன் மைதானத் தடை நீங்கிய ஆண்டு 1970 என்றும் 1971 என்றும் புழங்குகிறது. எஃப்ஏ கவுன்சில் முடிவெடுத்தது 1970 ஜனவரியில். முதல் கோப்பை தொடங்கும்போதே மைதானக் கதவு திறந்தாகிவிட்டது.

ஆண்டுக் கலத்தில் சீசனை முழுதாக '1970-71' என்றே போடுங்கள். கொரோனாவால் 2019-20 ஃபைனல் 2020 நவம்பருக்கும், 2020-21 ஃபைனல் 2021 டிசம்பர் 5க்கும் தள்ளிப்போனது. (தேதியைக் கவனித்தீர்களா? தடைத் தீர்மானத்துக்குச் சரியாக நூறாண்டு.) அது 50ஆம் ஆண்டு நிறைவு, ஆனால் 51ஆவது ஃபைனல். 1971ஐயும் சேர்த்து எண்ண வேண்டும்.

---

மூலைக்கொடி:

மிக்க நன்றி. 1971ல் இருந்தே தொடங்குகிறேன். சவுதாம்ப்டன் 1971 முதல் 1981 வரை எல்லா ஃபைனலிலும் ஆடியதாக ஒரு பக்கத்தில் பார்த்தேன், உண்மையா?

---

பழைய_ஸ்கோர்போர்டு:

இல்லை, 11ல் 10. 1980ல் மட்டும் இல்லை. அன்று செயின்ட் ஹெலன்ஸ் 1, பிரஸ்டன் நார்த் எண்ட் 0. ஆடிய பத்தில் இரண்டு தோல்வி: 1974ல் ஃபோடன்ஸிடம் 2-1, 1977ல் கியூபிஆரிடம் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) 1-0. ஃபோடன்ஸ் என்பது செஷயரில் சாண்ட்பாக் ஊர் லாரி ஆலையின் அணி. 1972 நவம்பரில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து பெண்கள் அணி ஆடிய முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் முதல் கோல் அடித்த சில்வியா கோர் இந்த அணிக்காரர்தான். 1978 வரிசையில் 8-2 என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். கியூபிஆருக்கு எதிராக சவுதாம்ப்டனின் பாட் சாப்மன் தனியாளாக ஆறு கோல் போட்டது அந்த ஃபைனலில். 1971ல் ஹாட்ரிக் அடித்த பாட் டேவிஸ் வேறு ஆள். முதல் பெயரை மட்டும் எழுதினால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள்.