தண்ணீர் நிற்காத மேட்டில் ஒரு மதியம்

பிரான்ஸின் தெற்குப் பகுதியில், கடலைத் தொடாத மாவட்டம் லோசேர். மொத்த மக்கள்தொகை 80,000-க்கும் கீழே. நாட்டிலேயே அதுதான் குறைவு. அங்கே ஆறு நாள் நடந்தேன்.

முதல் மூன்று நாள் லோசேர் மலையில். 1,699 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலை. கால் வைத்த இடமெல்லாம் ஈரம். சதுப்பு, சுனை, ஓடை. தார்ன் ஆறு பிறப்பதும் இங்கேதான். இந்த மாவட்டத்திலிருந்து ஆறுகள் வெளியே போகுமே தவிர, வெளியிலிருந்து ஒன்றுகூட உள்ளே வராது.

நான்காம் நாள் கோஸ் மெஜான் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டில் ஏறினேன். மலையில் கண்ட தண்ணீர் நினைப்பிலேயே ஒரு பாட்டில்தான் கொண்டுபோனேன். பெரிய தப்பு. மேலே ஓடையே கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை புல்லும் கல்லும்.

மதியம் ஒரு குட்டையைப் பார்த்தேன். வட்டமாக, அடி முழுக்கக் கல் பாவியது. லவோஞ் என்பார்கள். செம்மறிகள் குடித்துக்கொண்டிருந்தன. நானும் குனியப் போனேன். ஆட்டுக்கார அம்மா கையைப் பிடித்து நிறுத்தி, வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் கூரை மழையைச் சேர்த்துவைக்கும் பழைய தொட்டியைக் காட்டினார். இப்போது குழாய் வந்துவிட்டது, தாத்தா பாட்டி காலத்தில் இதைத்தான் குடித்தோம் என்றார். மழைக்குப் பஞ்சமில்லையாம். பெய்வதெல்லாம் பாறை வெடிப்பு வழியாக இறங்கிவிடுமாம்.

மறுநாள் பள்ளத்தாக்கின் அடியில், பாறைக்குக் கீழிருந்து ஊற்று பீறிட்டுத் தார்னில் கலப்பதைப் பார்த்தேன். அவ்வளவு தெளிந்த தண்ணீர். அந்த அம்மாவின் மேட்டில் விழுந்த மழை! வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

*

அண்ணா, உங்கள் பயணக் குறிப்பைப் படித்தேன். நீங்கள் ஏறிய அதே கோஸ் மெஜான் மேட்டின் தெற்கு விளிம்பில், ஜோந்த் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எனக்கும் ஒரு அனுபவம். பாறை ஓரம் நின்றிருந்தேன், காலுக்குக் கீழே பாறு கழுகுகள் வட்டமிட்டன. மேலிருந்து அவற்றின் முதுகைப் பார்ப்பது அதுவே முதல்முறை. இந்தப் பகுதியில் அடியோடு அழிந்துபோனவற்றை 1981-இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்தில் நின்ற மேய்ப்பர், செத்த ஆட்டை அவற்றுக்கென்று ஒதுக்கிய இடத்தில் போட்டுவிடுவோம், சில மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.