செவரல் என்றால் ஏழா?

கணக்குப்பிள்ளை: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ஆங்கிலத்தில் 'கப்புள்' என்றால் இரண்டு, 'ஃபியூ' மூன்று முதல் ஆறு வரை, 'செவரல்' ஏழும் அதற்கு மேலும், 'செவன்' என்பதிலிருந்து வந்ததுதான் 'செவரல்' என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'செவரல்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். 'தனித்தனி' என்பதுதான் அதன் பழைய பொருள். 'செப்பரேட்' அதன் பங்காளி. 'செவன்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

வைகைக்கரை: எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். இருபது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். என் ஆசிரியர் ஏழு என்றுதான் சொன்னார்.

மல்லிகை: அகராதியில் 'இரண்டுக்கு மேல், ஆனால் மிக அதிகம் இல்லை' என்றுதானே இருக்கிறது? எண்ணே போடவில்லையே.

வைகைக்கரை: அந்த 'இரண்டுக்கு மேல்' எங்கே தொடங்குகிறது? அதைத்தான் ஏழு என்கிறேன்.

கணக்குப்பிள்ளை: மறுபடியும் ஏழு! உறவினர் ஒருவரின் கடனுக்கு நாங்கள் மூன்று பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டோம். பத்திரத்தில் 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி' என்று இருந்தது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்தேன். கடைசியில் முழுப் பணத்தையும் என் ஒருவனிடம் கேட்டார்கள். 'செவரலி' என்றால் ஒவ்வொருவரும் தனியாக முழுக் கடனுக்கும் பொறுப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கூட்டாக வாக்குக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவே சொல்கிறது. நாங்கள் மூன்று பேர் ஐயா. ஏழு பேர் எங்கே?

வைகைக்கரை: சட்டத்தின் மொழி வேறு, பேச்சு வேறு. சிலப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

கணக்குப்பிள்ளை: 'சில பேர்'. சில, பல என்பவற்றுக்குப் பின் ஒற்று மிகாது. தமிழையே சரியாக எழுதாமல் ஆங்கிலத்துக்கு எண் குறிக்கிறீர்கள்.

வைகைக்கரை: அவசரத்தில் விழுந்த ஒரு 'ப்'பைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். போன மாதம் 'கப்புள்' பேச்சிலும் இதைத்தான் செய்தீர்கள். மறக்கவில்லை.

கடலோரம்: 'ஃபியூ' ஆறோடு நிற்கும் என்பதும் தவறு. நோவாவின் பேழையில் பிழைத்தவர்களை 1611 ஆங்கில பைபிள் 'ஃபியூ, தட் இஸ், எய்ட் சோல்ஸ்' என்கிறது. தமிழிலும் 'சிலராகிய எட்டுப்பேர்'. முதலாம் பேதுரு 3:20, எடுத்துப் பாருங்கள்.

வைகைக்கரை: மூலம் கிரேக்கம். மொழிபெயர்ப்பை வைத்து ஆங்கிலத்தை அளக்க வேண்டாம்.

கடலோரம்: கிரேக்கத்திலும் எட்டுதான். தெரியாமல் வேதத்தில் கை வைக்காதீர்கள்.

மல்லிகை: 'ஃபியூ'வுக்கும் 'எ ஃபியூ'வுக்கும் உள்ள வித்தியாசத்தை யாருமே பேசவில்லை. 'ஃபியூ' என்றால் ஆள் வரவில்லையே என்ற குறை. 'எ ஃபியூ' என்றால் சிலராவது வந்தார்கள் என்ற நிறைவு. 'குவைட் எ ஃபியூ' என்றால் நிறையப் பேர்! எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம்.

கணக்குப்பிள்ளை: அது இருக்கட்டும் அம்மா. அவர் முதலில் 'செவன்' பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறட்டும்.

வைகைக்கரை: திரும்பப் பெற மாட்டேன். என்னிடம் படித்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள், தேறினார்கள்.

கணக்குப்பிள்ளை: தேறியிருப்பார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அவர்களுக்கு யார் பொருள் சொல்வது?

வைகைக்கரை: உங்கள் கடன் கதையை இன்னும் எத்தனை தடவை கேட்பது?

கணக்குப்பிள்ளை: நீங்கள் ஏழு என்று சொல்வதை நிறுத்தும்வரை.