புதுப்பிப்பு: போனுக்குப் பதிலா வார்த்தை விளையாட்டு, என்ன ஆச்சுன்னா...

போன மாசம் இங்கதான் புலம்பினேன்: அஞ்சு வயசுப் பையன் போன் இல்லாம சோறு திங்க மாட்டேங்கிறான், வார்த்தை விளையாட்டு இருந்தா சொல்லுங்கன்னு. பாதிப் பேர் சொன்னது, கடைசி எழுத்துல அடுத்த சொல்லைத் தொடங்குறது.

முதல் நாளே மாட்டிக்கிட்டோம். அவன் 'தக்காளி'ன்னான். ளி-யில தொடங்குற சொல்லுக்கு எங்க போறது? ண, ழ, ற, ன-வும் அப்படித்தான், தமிழ்ல சொல்லுக்கு முதல்ல வராது. மாமியார்தான் வழி சொன்னாங்க: ளி, ழி வந்தா லி, ன வந்தா ந. அந்த எழுத்தோட வரிசையில (ல, லா, லி...) எதுவும் செல்லும். தக்காளி, லட்டு, டம்ளர், ராகி, கிளின்னு வண்டி ஓடுது.

ஊர்ப் பேரை மட்டும் ஆட்டத்துல சேக்க வேண்டாம். கிருஷ்ணகிரியும் 'ரி', தருமபுரியும் 'ரி'. பய ரிக்‌ஷா, ரிப்பன் ரெண்டையும் கைவசம் வச்சுக்கிட்டு எங்களைக் கவுக்கிறான்.

விடுகதைதான் எதிர்பாராத லாபம். 'பச்சைப் பெட்டிக்குள்ள வெள்ளை முத்து' வெண்டைக்காய்னு பாட்டி சொல்லிக்குடுத்தாங்க. நேத்து மாம்பழத்தைச் சப்பிக்கிட்டே அவனே ஒண்ணு போட்டான்: "மஞ்சச் சட்டை, உள்ள ஒரே எலும்பு, நான் யாரு?"

போன் கேக்கிறானான்னா, காலையில இன்னும் கேக்கிறான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இல்ல.